மைக்ரோக்ளியா நகர்வில் சிடி39: நொதியை முடக்க எந்த வழி?

மூளையின் துணைச் செல்களில், காயம் பட்ட இடத்துக்கு முதலில் போய்ச் சேருபவை மைக்ரோக்ளியா. அவற்றின் மேற்பரப்பில் சிடி39 என்றொரு நொதி நிறைய இருக்கிறது. செல் நகர்வில் அதற்கு என்ன பங்கு என்று ஆராயத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: நொதியை எப்படி முடக்குவது? மருந்து ஊற்றுவதா, மரபணு நீக்கிய சுண்டெலியைத் தேடுவதா, வளர்ப்புத் தட்டிலேயே எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவின் செய்தியை அழிக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு அடக்குவதா? வழிகாட்டியிடம் கேட்டால், ஆய்வகத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதைச் சொல்வார். அதில் தப்பில்லை. ஆனால் இந்த வழிகள் எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அதைக் கவனிக்காமல் இறங்கினால், கடைசியில் கையில் இருக்கும் முடிவுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முடியாது.

## முதலில், சிக்கல் எங்கே இருக்கிறது

செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. வெளியே வெறும் நானோமோலார், அதாவது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு செல் கிழிந்தால் உள்ளே இருந்த ஏடிபி வெளியே கொட்டுகிறது. மைக்ரோக்ளியாவுக்கு அதுதான் ஆபத்துச் செய்தி. சிடி39 அந்த ஏடிபியையும், அதன் அடுத்த படியான அடினோசின் டைபாஸ்பேட்டையும் (இனி டைபாஸ்பேட்) உடைத்து, ஒரே பாஸ்பேட் மிஞ்சிய ஏஎம்பி ஆக்குகிறது. பிறகு சிடி73 என்ற இன்னொரு மேற்பரப்பு நொதி ஏஎம்பியை அடினோசினாக மாற்றுகிறது.

மைக்ரோக்ளியா காயத்தை நோக்கித் திரும்ப முக்கியமான ஏற்பி (செய்தியைப் பிடிக்கும் மேற்பரப்புப் புரதம்) பி2ஒய்12. இது இல்லாத சுண்டெலிகளில் மைக்ரோக்ளியாவின் கிளைகள் ஏடிபி வரும் திசைக்கு நீள்வதில்லை என்று 2006இல் காட்டினார்கள். இந்த ஏற்பியைத் தூண்டுவது டைபாஸ்பேட். அப்படியானால் அதை உடைத்துப் போடும் நொதியை எடுத்துவிட்டால் செய்தி இன்னும் பலமாகக் கேட்க வேண்டும், செல்கள் இன்னும் வேகமாக ஓட வேண்டும். அப்படித்தான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

நடந்தது நேர்மாறு. சிடி39 இல்லாத சுண்டெலிகளின் மைக்ரோக்ளியா, ஏடிபி கொடுத்தும் நகரவில்லை. 2008இல் கிளியா இதழில் வந்த ஆய்வு இது. ஏடிபியோடு அடினோசினையும் சேர்த்துக் கொடுத்தபோது நகர்வு திரும்பியது. கரையும் நிலையில் உள்ள நொதியை வெளியிலிருந்து சேர்த்தபோதும் திரும்பியது. ரத்த ஓட்டம் தடைப்பட்ட மூளையிலும், முக நரம்பு வெட்டப்பட்ட பின் அதன் கருவிலும் (மூளையில் அந்த நரம்பின் செல் திரளிலும்), சேதமான இடத்தில் மைக்ரோக்ளியா குவிவது குறைந்தே இருந்தது.

இதற்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, நகர்வுக்கு ஏடிபியும் அடினோசினும் சேர்ந்தே தேவை. இரண்டு, ஏடிபி நெடுநாள் மிகுந்து கிடந்ததால் ஏற்பிகள் மரத்துப்போயின. மூன்று, நொதி இல்லாமல் ஏடிபி எங்கும் சமமாகப் பரவி, எந்தப் பக்கம் போவது என்ற திசைக் குறிப்பே அழிந்துவிட்டது. அந்த ஆய்வின் முடிவு முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறது. உங்கள் சோதனையில், உங்கள் செல்களில், இந்த மூன்றில் எது நடக்கிறது என்று பிரித்துக் காட்ட முடிகிறதா? தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

குறிபார்த்து அடிக்கிறதா: சிடி39 மட்டும் போகிறதா, அதன் உறவுக்கார நொதிகளும் சேர்ந்து போகின்றனவா?

எவ்வளவு வேகம்: நிமிடங்களில் முடங்குகிறதா, பிறவியிலிருந்தே இல்லையா? ஏற்பி மரத்துப்போகும் விளக்கத்தை ஒதுக்க இது முக்கியம்.

எந்தச் செல்: சிடி39 மூளை ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களிலும் இருக்கிறது, நோயெதிர்ப்புச் செல்கள் பலவற்றிலும் இருக்கிறது. மைக்ரோக்ளியாவில் மட்டும் எடுக்க முடிகிறதா?

விளக்கங்களைப் பிரிக்கிறதா: 'ஏடிபி கூடியது', 'அடினோசின் குறைந்தது' என்ற இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க முடிகிறதா?

கடைசியாகச் செலவு. பணத்தை விடக் காலமும் விலங்குகளின் எண்ணிக்கையும்தான் இங்கே பெரிய செலவு.

## வழி 1: மருந்துத் தடுப்பான்கள்

அதிகம் பயன்படுபவை இரண்டு: ஏஆர்எல் 67156, பிஓஎம்-1.

ஏஆர்எல் 67156 ஏடிபியை ஒத்த மூலக்கூறு. நொதியின் அதே இடத்துக்கு ஏடிபியோடு போட்டியிடுகிறது. பலவீனமான தடுப்பான். மனித சிடி39 மீது அதன் கேஐ மதிப்பு (தடுக்கும் வலுவின் அளவு; எண் குறைந்தால் வலு கூடுதல்) சுமார் 11 மைக்ரோமோலார். என்டிபிடேஸ்3, என்பிபி1 ஆகிய உறவுக்கார நொதிகள் மீதும் ஏறக்குறைய அதே அளவில் வேலை செய்கிறது. போட்டித் தடுப்பான் என்பதால் நீங்கள் ஊற்றும் ஏடிபி கூடக் கூட இதன் பிடி தளரும். நகர்வுச் சோதனைக்கு 100 மைக்ரோமோலார் ஏடிபி போட்டுவிட்டு, 'ஏஆர்எல் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்றால் அதற்கு அர்த்தம் இல்லை. நொதி அடங்கவே இல்லை என்பதுதான் நடந்திருக்கும்.

பிஓஎம்-1 இதைவிட வலுவானது. சிக்கல் வேறு: மூளைத் திசுவில் இது ஏடிபி உடைவதைத் தடுப்பதோடு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் நரம்புச் சந்திகளில் செய்திப் பரிமாற்றத்தையும் அடக்குகிறது என்று 2008இலேயே தெரிந்துவிட்டது. நரம்பணுக்கள் அமைதியானால் மைக்ரோக்ளியாவின் நடத்தையும் மாறும். ஆகவே தனித்த செல் வளர்ப்பில் பிஓஎம்-1 சரி. மூளைச் சீவலில் (உயிரோடு வைத்த மெல்லிய மூளைத் துண்டில்) அதை மட்டும் நம்பி முடிவு சொல்வது ஆபத்து.

சூராமின் என்ற மருந்து பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நொதியையும் தடுக்கும், ஏற்பிகளையும் தடுக்கும். இந்தக் கேள்விக்கு அது வேண்டாம். கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் இடிடிஏ போட்டால் நொதி நிற்கும்தான், ஆனால் செல்கள் தட்டில் ஒட்டியிருக்கவும் அதே அயனிகள் வேண்டும்.

இவ்வளவு குறை சொல்லியும், மருந்துக்கு ஒரு பலம் உண்டு: வேகம். நிமிடங்களில் முடக்கலாம், கழுவி எடுத்து மீண்டும் பார்க்கலாம். நாள்பட்ட பின்விளைவுகளை ஒதுக்க இதைவிட எளிய வழி கிடையாது. உங்களிடம் சாதாரண சுண்டெலிகளின் செல்கள் மட்டும் இருக்கின்றன, ஒரு மாதத்தில் இந்தக் கேள்வி தொடரத் தகுந்ததா என்று தெரிய வேண்டும் என்றால் இங்கே தொடங்கலாம். ஆனால் தடுப்பான் போட்ட தட்டில் ஏடிபி உண்மையில் உடையாமல் நிற்கிறதா என்று லூசிஃபெரேஸ் ஒளி முறையிலோ எச்பிஎல்சி என்ற பிரித்தளக்கும் முறையிலோ அளந்து பார்க்காமல் ஒரு வரி கூட எழுதக் கூடாது.

## வழி 2: மரபணு முழுக்க நீக்கிய சுண்டெலி

குறிபார்ப்பதில் இதற்கு முழு மதிப்பெண். நொதி சிடி39தான், சந்தேகம் இல்லை. மேலே சொன்ன 2008 ஆய்வும் இவற்றை வைத்தே நடந்தது.

மறைமுகச் செலவு என்ன என்பதை இந்தச் சுண்டெலியின் முதல் அறிக்கையே சொல்லிவிட்டது. 1999இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது அது. ரத்தத் தட்டணுக்களைத் தூண்டும் டைபாஸ்பேட்டை உடைப்பதால், சிடி39 ரத்தம் உறைவதைத் தடுக்கும் நொதி என்றே கருதப்பட்டது. அதை நீக்கினால் ரத்தம் சட்டென்று உறைய வேண்டும். உறுப்புகளில் ஃபைப்ரின் என்ற உறைபுரதம் படிந்தது உண்மை. ஆனால் ரத்தக்கசிவு நேரம் கூடியது, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளவில்லை. காரணம், ஓயாத தூண்டலில் தட்டணுக்களின் பி2ஒய்1 ஏற்பிகள் மரத்துப்போயிருந்தன.

மைக்ரோக்ளியா சோதனைக்கு வரும் எவரும் இதைப் படித்துவிட்டு வர வேண்டும். இதே சுண்டெலி, இதே வகை ஏற்பிக் குடும்பம். நீக்கப்பட்ட செல் நகரவில்லை என்றால், அது நொதி இல்லாததாலா, பிறந்ததிலிருந்து ஏடிபியில் ஊறிய ஏற்பிகள் செவிடானதாலா? சுண்டெலியை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதோடு உயிருள்ள விலங்கில் பக்கவாத மாதிரி செய்யும்போது, ரத்தம் உறைதலே மாறியிருக்கும் சுண்டெலியில் காயத்தின் அளவும் மாறலாம். மைக்ரோக்ளியா குறைவாகக் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

மரபணு நீக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை முடிவுச் சான்றாகக் காட்டும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். அது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். வளர்ப்புச் செல்களில் வழி 5-உடன் (இல்லாததைத் திரும்பக் கொடுப்பது) சேர்த்துச் செய்யத் திட்டமிருந்தால் இதுவே சிறந்த தேர்வு.

## வழி 3: மைக்ரோக்ளியாவில் மட்டும் நீக்குதல்

க்ரீ-லாக்ஸ் முறை: க்ரீ என்ற வெட்டும் நொதி, முன்கூட்டியே குறியிட்ட மரபணுவை அறுக்கும். சிஎக்ஸ்3சிஆர்1 மரபணு வழியாக இயங்கும் க்ரீ நொதியை டமோக்சிஃபென் மருந்து கொடுத்துத் தூண்டினால் மைக்ரோக்ளியாவில் சிடி39 மரபணு அறுபடும். ரத்தத்தில் உள்ள மோனோசைட்டு வெள்ளணுக்களிலும் அறுபடும். ஆனால் அவை சில வாரங்களில் புதுச் செல்களால் மாற்றப்பட்டுவிடும், நெடுநாள் வாழும் மைக்ரோக்ளியா அப்படியே இருக்கும். அதனால் டமோக்சிஃபெனுக்குப் பிறகு நான்கு வாரமாவது காத்திருப்பது வழக்கம்.

உயிருள்ள மூளையில் இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ரத்தக் குழாயின் சிடி39 அப்படியே இருக்கும். உறைதல் குழப்பம் பெரும்பாலும் நீங்கும்.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு. இந்த க்ரீ வரிசைகள் பலவற்றில் சிஎக்ஸ்3சிஆர்1 மரபணுவின் ஒரு பிரதியே பலியாகிறது. அது ஃபிராக்டல்கைன் என்ற செய்தி மூலக்கூறின் ஏற்பி. மைக்ரோக்ளியாவின் நடமாட்டத்தில் அதற்கும் கை உண்டு. நகர்வை அளக்கும் சோதனையில் நகர்வைப் பாதிக்கும் இன்னொரு மரபணுவைப் பாதியாக்கிவிட்டு, 'சாதாரண' சுண்டெலியோடு ஒப்பிடுவது தப்பு. க்ரீ மட்டும் உள்ள, டமோக்சிஃபெனும் பெற்ற உடன்பிறப்புகள்தான் சரியான ஒப்பீடு. பி2ஒய்12 மரபணு வழியாக இயங்கும் க்ரீ வரிசையும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியில் பி2ஒய்12-தான் கதாநாயகன் என்பதால், அந்த வரிசையில் ஏற்பியின் அளவு மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் இனவிருத்திக் காலமே மாதக்கணக்கில் ஆகும். குறுகிய கால ஆய்வுப் பட்டத்துக்கு, ஆய்வகத்தில் சுண்டெலி தயாராக இல்லையென்றால், இதைத் தொட வேண்டாம்.

## வழி 4: வளர்ப்புத் தட்டில் அடக்குதல்

எஸ்ஐஆர்என்ஏ அல்லது மரபணுவை வெட்டும் கிரிஸ்பர். காகிதத்தில் மலிவு. நடைமுறையில் மைக்ரோக்ளியா வெளியிலிருந்து வரும் நியூக்ளிக் அமிலத்தை எதிரி என்றே எடுத்துக்கொள்ளும். அடக்கப் போன இடத்தில் செல்லைத் தூண்டிவிட்டு வருவோம். தூண்டப்பட்ட மைக்ரோக்ளியாவில் பி2ஒய்12 குறைந்துவிடுகிறது. சம்பந்தமில்லாத வரிசை கொண்ட எஸ்ஐஆர்என்ஏவை ஒப்பீட்டுக்கு வைத்தால் பாதிப் பிரச்சினை தெரியும், ஆனால் தீராது.

பிவி2 போன்ற அழியாச் செல் வரிசைகளில் இது சுலபம். அவை மூளையில் உள்ள மைக்ரோக்ளியாவிலிருந்து வெகுதூரம் விலகியவை, பி2ஒய்12-ம் குறைவு. நொதியின் உருமாற்றங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எந்தப் பகுதி வேலைக்குத் தேவை என்று பார்ப்பதற்கு நல்ல களம். நகர்வுக்கான முடிவை அங்கே எடுக்க மாட்டேன். மனிதத் தண்டுச் செல்லிலிருந்து வளர்த்த மைக்ரோக்ளியா இருந்தால் கதை மாறும்: தண்டுச் செல் நிலையிலேயே கிரிஸ்பரால் நீக்கிவிட்டுப் பிறகு மைக்ரோக்ளியாவாக வளர்க்கலாம், தூண்டல் தொல்லை இராது.

எதிர்ப்பான் போட்டுத் தடுக்கலாமே என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மனித சிடி39-ஐத் தடுக்கும் எதிர்ப்பான்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. மனிதச் செல்களில் அவை நல்ல கருவி. மைக்ரோக்ளியாவில் எதிர்ப்பானின் வால் பகுதியைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. வால் நீக்கிய வடிவமோ, வால் செயலிழந்த வடிவமோ கிடைத்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

## வழி 5: இல்லாததைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது

இது தனி வழி இல்லை, மற்றவற்றின் துணை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் இந்தப் பட்டியலிலேயே அதிகம் சொல்லும் சோதனை இதுதான், செலவும் குறைவு.

நொதி இல்லாத செல்லுக்கு ஏடிபியோடு அடினோசினைச் சேர்த்துக் கொடுங்கள். சில மணி நேரத்தில் நகர்வு திரும்பினால், ஏற்பிகள் நிரந்தரமாக மரத்துப்போகவில்லை என்பது உறுதி. அடினோசினை மட்டும் கொடுத்தால் நகரக் கூடாது. சாதாரணச் செல்லுக்கு ஏடிபியோடு அடினோசின் டீஅமினேஸ் நொதியைச் சேர்த்து, உருவாகும் அடினோசினை அழித்துவிடுங்கள். அடினோசின் உண்மையிலேயே தேவை என்றால் இப்போது சாதாரணச் செல்லும் நிற்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைக்கு மரபணு நீக்கிய சுண்டெலியே வேண்டாம்!

திசை அழிகிறது என்ற மூன்றாவது விளக்கத்துக்கும் இங்கே வழி உண்டு. இரண்டு அறைகள் கொண்ட நகர்வுக் கருவியில் ஏடிபியைக் கீழே மட்டும் வைத்து, அடினோசினை மேலும் கீழும் சம அளவில் வையுங்கள். அப்படியும் நகர்வு திரும்பினால் அடினோசின் வழிகாட்டவில்லை, அனுமதி மட்டும் கொடுக்கிறது. திசையை ஏடிபி பார்த்துக்கொள்கிறது.

இனி அபைரேஸ். ஏடிபியை உடைக்கும் கரையும் நொதி. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உருளைக்கிழங்கிலிருந்து எடுத்தது. 2005இல் உயிருள்ள சுண்டெலி மூளையில் லேசரால் சிறு காயம் செய்து பார்த்த ஆய்வில், அபைரேஸ் ஊற்றியபோது மைக்ரோக்ளியாவின் கிளைகள் காயத்தை நோக்கி வருவது தடைப்பட்டது. 2008 ஆய்வில் கரையும் நொதியைச் சேர்த்தபோது நகர்வு திரும்பியது. ஒரே வகைக் கருவி, எதிரெதிர் விளைவு. முரண்பாடு இல்லை: முன்னதில் செய்தியே அழிக்கப்பட்டது, பின்னதில் செய்தியின் ஒரு பங்கு மட்டும் அடினோசினாக மாறியது. எனவே ஒரே அளவில் அபைரேஸ் போட்டு முடிவு சொல்லாதீர்கள். அளவை ஏற்றிக்கொண்டே போனால் நகர்வு முதலில் ஏறிப் பிறகு விழ வேண்டும்.

இன்னொரு பொறி: கடையில் கிடைக்கும் அபைரேஸ் வகைகள் ஏடிபியையும் டைபாஸ்பேட்டையும் ஒரே விகிதத்தில் உடைப்பதில்லை. ஏடிபியை மட்டும் விரைவாக உடைக்கும் வகை டைபாஸ்பேட்டைக் குவிக்கும். அது நேராக பி2ஒய்12-ஐத் தூண்டும். சிடி39 டைபாஸ்பேட்டை அவ்வளவாக வெளியே விடாமல் ஏஎம்பி வரை கொண்டுபோகும் நொதி, அதனால் இரண்டும் சமமில்லை. கொதிக்கவைத்துச் செயலிழந்த அபைரேஸும் ஒரு குழியில் இருக்கட்டும்.

சீரம் இருக்கும் ஊடகத்தில் இந்தச் சோதனைகள் எதையும் செய்யாதீர்கள். சீரத்திலேயே ஏடிபியை உடைக்கும் நொதிகளும் அடினோசினை அழிக்கும் நொதியும் இருக்கின்றன.

## ஒரே பார்வையில்

| வழி | குறி | வேகம் | செல் தேர்வு | விளக்கங்களைப் பிரிக்குமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| ஏஆர்எல் 67156 | சுமார் | நிமிடங்கள் | இல்லை | ஓரளவு | அதிக ஏடிபியில் தோற்கும் |
| பிஓஎம்-1 | சுமார் | நிமிடங்கள் | இல்லை | ஓரளவு | சீவலில் நரம்புச் சந்திகளை அடக்கும் |
| முழு நீக்கம் | மிக நன்று | பிறவியிலிருந்து | இல்லை | தனியாக முடியாது | ஏற்பி மரத்துப்போதல், ரத்தம் உறைதல் மாற்றம் |
| மைக்ரோக்ளியாவில் மட்டும் நீக்கம் | மிக நன்று | வாரங்கள் | உண்டு | தனியாக முடியாது | க்ரீ வரிசையின் பக்கவிளைவு, இனவிருத்திக் காலம் |
| எஸ்ஐஆர்என்ஏ | நன்று | நாட்கள் | தட்டில் உள்ளதே | தனியாக முடியாது | செல் தூண்டப்படும் |
| திரும்பக் கொடுத்தல் | நன்று | மணி நேரம் | தட்டில் உள்ளதே | ஆம் | அளவுத் தொடர் தேவை, சீரம் கூடாது |

## எதை நகர்வு என்று அளக்கிறீர்கள்?

முடக்கும் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அளக்கும் முறையில் கோட்டை விடுபவர்கள் உண்டு. மைக்ரோக்ளியாவில் கிளை நீள்வது ஒன்று, உடலோடு இடம் பெயர்வது இன்னொன்று. கிளைகள் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் வேகத்தில் அசைந்துகொண்டே இருக்கின்றன. செல்லின் உடல் அவ்வளவு சீக்கிரம் நகர்வதில்லை. பாய்டன் அறை (முன்பு சொன்ன இரண்டறைக் கருவி), துளையுள்ள சவ்வு வழியாக உடலே இறங்குவதை மணிக்கணக்கில் அளக்கிறது. இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கி பெரும்பாலும் கிளைகளைப் பார்க்கிறது. ஒன்றில் கிடைத்த முடிவை மற்றதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

தட்டில் கோடு கிழித்துச் செல்கள் அதை மூடுவதைப் பார்க்கும் முறை வேறு எந்தக் கேள்விக்கும் வசதியானது. இதற்கு வேண்டாம். கோடு கிழிக்கும்போது செல்கள் உடைந்து ஏடிபி கொட்டும். நீங்கள் கட்டுப்படுத்த நினைத்த பொருளே கட்டுப்பாடில்லாமல் உள்ளே வந்துவிடும். மூளைச் சீவலிலும் வெட்டு முகத்தில் இதே தொல்லை, எனவே மேற்பரப்பை விட்டு ஆழத்தில் பார்க்க வேண்டும். பாய்டன் அறையில் ஏடிபியை மேல் அறையில் மட்டும், கீழ் அறையில் மட்டும், இரண்டிலும் என்று மாற்றி வைத்துப் பார்த்தால்தான் திசை தெரிந்து போகிறதா, சும்மா அலைகிறதா என்று பிரியும். மூன்று நான்கு குழிகள் கூடுதல், அவ்வளவே.

## யாருக்கு எது

கையில் சில மாதங்கள், சாதாரணச் சுண்டெலிகளின் முதல்நிலை வளர்ப்பு மட்டும்: வழி 5-ஐ டீஅமினேஸோடு தொடங்குங்கள், பிஓஎம்-1-ஐத் துணைக்கு வையுங்கள். இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் அதுவே ஒரு நல்ல ஆய்வேட்டு அத்தியாயம்.

முழு நீக்கச் சுண்டெலி ஏற்கெனவே ஆய்வகத்தில் உண்டு: வளர்ப்புச் செல்லில் திரும்பக் கொடுக்கும் சோதனையை முதலில் முடியுங்கள். பக்கவாத மாதிரிக்கு அதற்குப் பிறகு போனால் போதும்; போகும்போது காயத்தின் அளவைத் தனியாக அளந்து வையுங்கள்.

உயிருள்ள மூளைதான் உங்கள் கேள்வி, மூன்று நான்கு வருடம் இருக்கிறது: வழி 3. சுண்டெலி வளரும் காலத்தில் மற்ற சோதனைகள் முடிந்துவிடும். 2020இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, மைக்ரோக்ளியாவின் சிடி39 தொடங்கிவைக்கும் அடினோசின் பாதை நரம்பணுக்களின் மிகையான செயல்பாட்டை அடக்குகிறது என்று காட்டியது. எனவே இந்தச் சுண்டெலியில் நகர்வு மாறினால், நரம்பணுக்கள் மாறியதால் நகர்வு மாறியதா என்ற கேள்வி கட்டாயம் வரும். நரம்புச் செயல்பாட்டையும் கூடவே பதிவு செய்ய ஏற்பாடு செய்துகொண்டு இறங்குங்கள்.

மனிதச் செல்கள் மட்டும் இருக்கின்றன: தண்டுச் செல் நிலையில் கிரிஸ்பர். அது தயாராகும் வரை, வால் செயலிழந்த எதிர்ப்பானும் அடினோசினும் வைத்து முதல் கட்டச் சோதனைகளை ஓட்டலாம்.